நாலாம் அறையில் உதிர்ந்த பதில்கள்

எனக்கு வயிற்றுவலி வருவது மருத்துவக் கல்லூரியில் பரீட்சை நடக்கும் நாட்களில் மட்டும். மணி அடித்தால் வலி; மறுபடி அடித்தால் சுகம். நடுவில் ஒரு மாணவரோ மாணவியோ வந்து, "எங்க வலிக்குது, எப்போலேருந்து வலிக்குது" என்று கேட்டு, பயந்துகொண்டே வயிற்றை அமுக்கிவிட்டுப் போவார்கள். நிஜ நோயாளி ஒருவரை ஒரே காலையில் இத்தனை பேர் அமுக்கினால் அவர் எழுந்து அடிப்பார். அதனால்தான் என்னைப் போன்ற பொய் நோயாளிகளைக் கூலிக்கு வைத்திருக்கிறார்கள். முன்பு நான் நாடகக் குழுவில் நகைச்சுவை வேடம் கட்டியவன். அப்போது வயிறு வலித்தது பார்த்தவர்களுக்கு. இப்போது என் முறை.

அங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது, நோய்தான் பெயர். நான் வயித்துவலி. இரண்டாம் அறையில் தலைசுத்தல். மூன்றாம் அறை மூச்சுத்திணறல், மாடிப்படியை ஒரே ஓட்டமாக ஏறி வருகிற பெண்மணி. நாலாம் அறை என் மச்சான், மனைவியின் சொந்த அண்ணன். அவருக்கு மனச்சோர்வு. அதாவது, வேடத்தில்.

மச்சான் லேத் பட்டறையில் திருகு வெட்டியவர். மயிரிழை பிசகினாலும் வேலையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிற ஆள். கண் மங்கியதும் பட்டறையை விட்டார். அக்கா, அதாவது அவர் மனைவி, போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். "வாங்க மச்சான், சும்மா உட்கார்றதுக்கே சம்பளம் தர்ற இடம் ஒண்ணு இருக்கு" என்று கூட்டிவந்தவன் நான்தான்.

"எனக்கு நடிக்கல்லாம் வராது மாப்ள."

"யாரு நடிக்கச் சொன்னா? நீங்க சும்மா இருங்க, அதுவே சோகமாத்தான் இருக்கு."

சிரித்தார். அது நல்ல ஜோக் என்று நானும் நினைத்தேன்.

நாலாம் அறையின் கேஸ் இதுதான்: தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று சொல்லும் ஒரு மனிதர். அவருடைய துக்கத்தைக் கேட்டு எடுப்பது பாதிப் பரீட்சை. அவரை இதுவரை விழாமல் தாங்குவது எது என்று கேட்டு எடுப்பது மீதிப் பாதி. மனநலப் பிரிவின் பெரிய டாக்டரம்மா பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்: "சுவர் சாயுதுன்னா, சாயுதேன்னு மட்டும் பார்த்துட்டு வராதீங்க. இன்னும் ஏன் விழலைன்னும் பாருங்க." நாங்கள் அதற்கு 'முட்டு' என்று பெயர் வைத்துக்கொண்டோம். மச்சானின் கேஸுக்கு நாலு முட்டு. அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கும் தம்பி. இவர் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஊற்ற ஆளில்லாத மாடித் தொட்டிச் செடிகள். சதுரங்கம் ஆட வரும் பக்கத்து வீட்டுக்காரர். தம்பி மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுத்தருவதாகக் கொடுத்த வாக்கு. கேட்கத் தெரிந்த மாணவருக்கு நாலும் கிடைக்கும். தெரியாதவருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆனால் கேட்கிற எல்லாருக்கும் ஒரே பதில்தான் கிடைக்க வேண்டும். அது சட்டம். ஒருவருக்கு ஒரு மாதிரியும் அடுத்தவருக்கு வேறு மாதிரியும் சொன்னால் பரீட்சை செல்லாது. அதனால் ஒவ்வொரு அறைக்கும் பின்னால் உட்கார்ந்து பதில்களைச் சரிபார்க்க ஓர் ஆள் உண்டு. அன்றைக்குக் கடைசி ஆண்டுப் பரீட்சை. நாலாம் அறைக்குச் சரிபார்க்க வேண்டியவருக்கு நிஜமாகவே காய்ச்சல். எங்கள் தொழிலில் பொய் நோய்க்குச் சம்பளம், நிஜ நோய்க்கு விடுப்பு. என் வயிற்றுவலி முற்பகலோடு முடிந்துவிட்டதால் மதியம் என்னை அங்கே உட்கார வைத்தார்கள். முதுகில் நாடா கட்டும் நோயாளி அங்கியை மாற்றக்கூட நேரம் தரவில்லை.

அறைகளுக்குப் பின்னால் ஒடுக்கமான ஒரு நடை. விளக்கு கிடையாது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருப்பார்கள். வெளியே கண்ணைக் கூசும் வெயில் அடித்தாலும் உள்ளே பொழுது சாய்ந்ததுபோல இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஜன்னல். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. ஒலிபெருக்கியை என் காலடியில் வைத்திருந்தார்கள். மச்சானின் வாய் அங்கே அசையும். குரல் தரையிலிருந்து வரும். இருட்டில் என் முகமும் கண்ணாடியில் லேசாகப் படிந்திருந்தது. கொஞ்சம் சாய்ந்தால் மச்சானின் தோளில் என் தலை முளைத்தது. சரியாக நிமிர்ந்தால் இரண்டு முகமும் ஒன்றாகி, என் கண் வழியாக அவர் பார்த்தார். நிமிராமலேயே உட்கார்ந்துகொண்டேன்.

என் பக்கத்தில் பெரிய டாக்டரம்மா. அவர் மாணவரைப் பார்த்து மார்க் போடுவார். கேஸ் பேப்பர் என்னிடம்தான்; நான் மச்சானைப் பார்க்க வேண்டும்.

முதல் மாணவருக்கு நாலு முட்டும் மயிரிழை பிசகாமல் வந்தன. இரண்டாவது மாணவர், "கூட்டாளிங்க யாராவது உண்டுங்களா ஐயா?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் வருவார், சதுரங்கம் ஆட" என்பது பதில்.

"இருந்தார் ஒருத்தர்" என்றார் மச்சான். "இப்ப வர்றதில்லை."

தவறு என்று குறித்துக்கொண்டேன். 'லேத்துக்காரருக்கே பிசகிவிட்டது, சாயங்காலம் வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை' என்று உள்ளுக்குள் ஒரு குஷிகூட.

மூன்றாவதாக வந்த மாணவி, வீட்டில் செடி கொடி ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டாள்.

"காஞ்சு போச்சும்மா."

"எல்லாமேவா?"

"மேல ஏறிப் பார்க்கலை. காஞ்சுதான் போயிருக்கும்."

டாக்டரம்மா என் பக்கம் சாய்ந்து, "என்னமா பண்றார் பாருங்க. உங்க சொந்தக்காரராமே?" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. நான் இத்தனை காலமாக முனகிக் காட்டியதற்கு ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. இப்போது யோசித்தால், ஒரு மனிதர் நிஜத்தைச் சொன்னால் 'பிரமாதம்' என்று கைதட்டுகிற இடம் அது ஒன்றுதான் இருக்கும்.

மணி அடித்தது. மாணவி வெளியே போனாள். இரண்டு மாணவருக்கு நடுவில் கிடைக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் நாங்கள் எல்லாரும் மனிதர்களாகிவிடுவோம். கொட்டாவி விடுவோம், முதுகு சொறிவோம். மூச்சுத்திணறல் அம்மாள் ஒரு பாட்டுகூடப் பாடிவிடுவார். மச்சான் அசையவில்லை. கை இரண்டும் முழங்கால்மேல். தலை லேசாகக் குனிந்திருந்தது. எதிர் நாற்காலி காலி.

ஆனால் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஒலிபெருக்கியின் திருகைத் தொட்டு மெதுவாகக் கூட்டினேன். முதலில் இரைச்சல். பிறகு என் பாதத்தருகே, யாரோ தரைக்கு அடியிலிருந்து பேசுவதுபோல:

"இல்லை... இல்லைங்க... அதுவும் இல்லை."

கொஞ்சம் நிறுத்துவார். எதிர் நாற்காலி கேட்பதைக் கேட்டுக்கொள்வதுபோலத் தலையை ஒருபக்கம் சாய்ப்பார். "இல்லை" என்பார்.

டாக்டரம்மா குனிந்து மார்க் கூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் என்னவென்று சொல்வது? காலி நாற்காலி மச்சானிடம் கேள்வி கேட்கிறது என்றா? என்னை வேலையை விட்டுத் தூக்கி, நாலாம் அறையில் நிஜ நோயாளியாக உட்கார வைத்துவிடுவார்கள்.

அடுத்த மணி. உள்ளே வந்த மாணவர் நல்ல பையன், நிதானமாகக் கேட்டார். "வீட்ல உங்களைப் பார்த்துக்கிற மாதிரி யாரு இருக்காங்க? தம்பி, அண்ணன் யாராவது?"

"தம்பியா? எனக்குத் தம்பியே கிடையாதுங்க." குரலில் ஓர் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "தங்கச்சி ஒருத்தி இருக்கா. தங்கமான பொண்ணு. தினம் போன் பண்ணுவா. குரலைக் கேட்டாலே தெரியும், களைச்சுப் போயிருப்பா. நான் இல்லைன்னா அவளுக்கு ஒரு வேலை குறையும்."

பேனா என் கையில் அப்படியே நின்றது. அந்தத் தங்கச்சி என் மனைவி. முந்தின நாள் சாயங்காலம் கதவு நிலையில் சாய்ந்து நின்று போனில் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து, "அண்ணனுக்கு நடிப்பு எப்படிப் போகுதாம், மேக்கப் போட்டுட்டாங்களாமா?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தது எனக்கே கேட்டது.

"மனசு விட்டுப் பேச வேற யாராவது?" என்றார் மாணவர்.

"தங்கச்சி வீட்டுக்காரர் இருக்கார். ரொம்ப நல்ல மனுஷன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சிரிக்க வெச்சிடுவார்." மச்சான் தலையைத் தூக்கினார். "சிரிச்சுட்டா அப்புறம் எப்படிங்க சொல்றது?"

கண்ணாடியைப் பார்த்தார். அவருக்கு அதில் அவர் முகம்தான் தெரியும், எனக்குத் தெரியும் அது. ஆனால் பார்வை நேராக நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து நின்றது. நான் இடப்பக்கம் நகர்ந்தேன், அது என்னோடு நகர்ந்தது. என் தலையும் அவர் தலையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தின. ஒரு கணம் அந்த அறையில் உட்கார்ந்திருப்பது யார் என்றே எனக்கு விளங்கவில்லை.

"ஏதாவது எதிர்பார்த்துட்டு இருக்கீங்களா ஐயா? ஒரு விசேஷம், ஒரு வேலை, ஏதாவது?"

சைக்கிள். சொல்லுங்க மச்சான், சைக்கிள். கண்ணாடியில் கைவைத்து உதட்டை அசைத்தேன், நாடகத்தில் வசனம் மறந்தவனுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பதுபோல.

"இல்லைங்க" என்றார்.

மணி அடித்தது.

"டாக்டர்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. "அது கேஸ் இல்லை."

"எது?"

"அவர் சொல்றது எதுவும் பேப்பர்ல இல்லை. தம்பி இல்லை, தங்கச்சி. அது எங்க வீடு டாக்டர். அந்த வீட்டுக்காரர் நான்தான்."

டாக்டரம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார். கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. "இந்த அறையை நிறுத்தச் சொல்லிட்டு உடனே வர்றேன். அதுவரைக்கும் நீங்க உள்ளே போய் உட்காருங்க. சுத்தி வளைக்காதீங்க, நேரா கேளுங்க. சாவைப் பத்திக் கேட்டா அந்த எண்ணத்தை நாமளே கொண்டுபோய்ப் போட்டுடுவோமோன்னு பயப்படாதீங்க. அப்படி ஆகாது. கேக்காம விடறதுதான் தப்பு."

"நானா? எனக்கு வயித்துவலிதான் டாக்டர் தெரியும்."

"அவர் உங்களைத்தானே பார்த்தார். போங்க."

கதவைத் திறந்து உள்ளே போனேன். பின்பக்கம் நாடா அவிழ்ந்து அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. மானம் போனால் போகிறதென்று மாணவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது இன்னும் சூடாக இருந்தது.

மச்சான் நிமிர்ந்தார். "வாங்க டாக்டர்" என்றார்.

"மச்சான், நான்தான்."

"தூக்கம் வர்றதில்லை டாக்டர். பசியும் இல்லை." அவர் கண் என்மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் ஒன்றும் கேட்காமலேயே பதில்கள் வரிசையாக வந்தன. "தம்பி ஒருத்தன் இருக்கான், அடிக்கடி வருவான். மாடியில செடி இருக்கு, நான்தான் தண்ணி ஊத்தணும். பக்கத்து வீட்டுக்காரர் சதுரங்கம் ஆட வருவார். தம்பி பொண்ணுக்கு சைக்கிள் கத்துத்தர்றதா சொல்லியிருக்கேன்."

மயிரிழை பிசகவில்லை. கேஸில் இருக்கிற அந்த மனிதருக்குத் தம்பி திரும்பி வந்துவிட்டான், செடி தழைத்துவிட்டது. அவரைப் பற்றிக் கவலையே இல்லை, அவர் எப்படியும் பிழைத்துக்கொள்வார். அவர் குரலுக்குப் பின்னால், அதே சட்டைக்குள், அதே முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பக்கவாட்டில் கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா, இல்லையா என்று சொல்லவே முடியாது. அங்கேயும் இரண்டு பேர், அங்கி போட்ட கோமாளி ஒருவன், எதிரே இவர்.

நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வந்துவிட்டது. பழக்கதோஷம். கஷ்டமான இடம் வந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதை அப்படியே விழுங்கினேன்.

"மச்சான், அது பேப்பர்ல இருக்கிற ஆளு. அவரை விடுங்க. நீங்க சொல்லுங்க. செத்துப் போயிடலாம்னு நினைக்கிறீங்களா?"

அவர் இமை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தது.

கட்டடத்தில் எங்கும் அடிக்கும் மணி எங்கள் அறையிலும் அடித்துத் தொலைத்தது. நிறுத்தச் சொன்ன செய்தி இன்னும் வாசலுக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. கதவு திறந்து ஒல்லியாக ஒரு மாணவி உள்ளே வந்தாள். இரண்டு பேரைப் பார்த்ததும் நின்றாள். ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இன்னொருத்தன் நோயாளி அங்கியில், கண் கலங்கி, வேர்த்து விறுவிறுத்து இருக்கிறான். அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? நேராக என்னிடம் வந்தாள்.

"வணக்கம் ஐயா. என்ன பண்ணுது உங்களுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"அவர் இல்லைம்மா" என்றார் மச்சான்.

மாணவி திரும்பினாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லை. வயித்துவலிம்பார், அதுவும் பொய்." அவர் குரலில் முதல் முறையாக ஒரு பிசிறு இருந்தது. "எனக்குத்தான். எனக்கு நிஜமாவே."

உட்கார மூன்றாவது நாற்காலி இல்லை. அந்தப் பெண் கையிலிருந்த அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கற்றுக்கொடுத்த வணக்கம், அறிமுகம் எல்லாம் எங்கோ பறந்துவிட்டன. "சொல்லுங்க ஐயா" என்றாள்.

"இங்க வர்றவங்க எல்லாம் நல்லாத்தான் கேக்கறாங்க. யாரு இருக்கா, எதுக்காக எழுந்திரிக்கறேன்னு. வாய் பேப்பர்ல இருக்கறதைச் சொல்லும். உள்ளே எனக்கும் அதே கேள்வி ஓடும். அந்த ஆளுக்கு நாலு முட்டு இருக்கு. எனக்கு எது இருக்குன்னு தேடிப் பார்த்தேன். ஒவ்வொண்ணா கையை வெச்சா, ஒவ்வொண்ணா விழுந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆமா மாப்ள. நீங்க கேட்டீங்களே. நினைக்கிறேன். கொஞ்ச நாளாவே."

அவர் கையைப் பிடித்தேன். லேத் பிடித்த கை. காய்ப்பு இன்னும் போகவில்லை. ஐஸ் மாதிரி இருந்தது.

டாக்டரம்மா வந்தார். மாணவியின் தோளைத் தொட்டு, "நீ பண்ணினது சரி" என்று மட்டும் சொன்னார். எங்கள் இருவரையும் மேல்மாடியில் இருந்த தன் அறைக்குக் கூட்டிப்போனார். மச்சான் படியில் என் அங்கியின் நாடாவைப் பின்னாலிருந்து முடிச்சுப் போட்டார்.

அங்கே எல்லாம் வெளிச்சமாக நடந்தது. டாக்டரம்மா நேர்நேராகக் கேட்டார், மச்சான் நேர்நேராகச் சொன்னார். சிலவற்றைக் கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருந்து எழுதினார், வாராவாரம் வந்து பேச வேண்டும் என்றார். அவர் வீட்டிலிருந்து எதையெல்லாம் நான் எடுத்துவந்துவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொன்னார். "இது சோம்பேறித்தனமோ கோழைத்தனமோ இல்லை. நோய். சுகர், பிரஷர் மாதிரி. அந்த நோய் பேசற பேச்சுதான் 'நான் பாரம்'ங்கறது" என்றார்.

என் மனைவிக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், இருப்பதை இருந்தபடி சொன்னேன். "அண்ணன்கிட்ட குடுங்க" என்றாள்.

மச்சான் போனைக் காதில் வைத்தார். அவள் பேசியது மேஜைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"களைப்பா இருக்கேன்னு நான் எப்பண்ணா சொன்னேன்?"

"குரல்ல தெரியுதும்மா."

"நாள் பூரா நின்னுட்டே இருக்கேன், களைப்பாத்தான் இருக்கும். உன்கூடப் பேசறப்பதான் சாயவே முடியுது. அந்த நேரத்தை ஒரு வேலைன்னு யார் உனக்குச் சொன்னது? உன் மாப்ளயா? அந்த ஆள வீட்டுக்கு வரச் சொல்லு!"

"அவர் சொல்லலைம்மா" என்றார் மச்சான் அவசரமாக. அவருக்குக் கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "நானாத்தான் அப்படி நினைச்சுட்டேன்."

போனை என்னிடம் தந்தார். டாக்டரம்மா, "இன்னிக்கு எங்க இருக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"தனியா இருக்க வேண்டாம்னு தோணுது." அதைச் சொல்ல அவருக்கு ஒரு சுமையை இறக்கி வைக்கும் அளவுக்கு மூச்சு வாங்கியது. தாடையால் என்னைக் காட்டினார். "இவர்கூடப் போறேன். பேச்சை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

அவர் சரியாகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனை வாசல் பஸ் நிறுத்தத்தில் வெயில் படும்படி உட்கார்ந்தபோதும் அவர் முகத்தில் அந்த அறையின் நிழல் இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கட்டடத்தின் ஜன்னல்களில் எல்லாம் வானம்தான் தெரிந்தது; அவற்றுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று இங்கிருந்து தெரியாது.

நான் வாயைத் திறக்கவில்லை. என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"உங்க அக்கா போன அன்னைக்கு..." என்றார் மச்சான், சாலையைப் பார்த்தபடி.

"ம்."

"அவ செருப்பு வாசல்ல இருந்துச்சு. யாரும் எடுக்கலை. நானும் எடுக்கலை."

எங்கள் பஸ் வந்து நின்றது. நடத்துநர் எட்டிப் பார்த்து, "ஏறுறீங்களா பெரியவரே?" என்றார். வேண்டாம் என்று கைகாட்டினேன். அது போயிற்று. மச்சான் இன்னும் செருப்பைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸும் வந்தது.